வட்டை அழித்து நிறுவுக

என் வீட்டுக்காரரின் குரல் ஒரு பழைய லேப்டாப்பில் இருந்தது. வேறு எங்கும் இல்லை. அவர் தொண்டையிலும் இல்லை.

அவர் டிரைலர் ஓட்டியவர். சென்னைத் துறைமுகத்திலிருந்து, நாங்கள் ஆர்பர் என்போம், கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு எண்ணூர் பக்கம் போகிற வண்டி. வரிசைகட்டி நிற்கும் லாரிகளுக்கு நடுவே நின்று, முன்னால் இருக்கிறவனிடம் கத்திக் கத்தியே பழகிய குரல். மெதுவாகப் பேசவே வராது. சாப்பிடும்போது உப்பு கேட்டாலும் காலடிப்பேட்டையில் எங்கள் சந்து முழுக்கக் கேட்கும். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, ஒரு நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆபரேஷனுக்கு முன்னாடி அவரு பேசறத எதுலயாச்சும் பதிஞ்சி வச்சிக்கம்மா. பின்னால வேணும்னு தோணும்" என்றார்.

அப்போது என் போனில் மைக் ரிப்பேர். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க லேப்டாப் பீரோ மேல் கிடந்தது. கல்யாணமாகி ஓசூருக்குப் போனபோது அவள் விட்டுவிட்டுப் போனது. அதன் முன்னால் அவரை உட்காரவைத்து, பேப்பரைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "நான் இன்னா ரேடியோவாமே, நூஸ் படிக்கறதுக்கு?" என்று தூக்கிப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே பேச ஆரம்பித்தார். ஆர்பர் கேட்டில் இரண்டு நாள் வண்டியோடு நின்றது, மகள் பிறந்த செய்தி கேட்டு லாரியை நடுரோட்டில் கிளீனரிடம் விட்டுவிட்டு ஓடிவந்தது, எனக்கு மீன் கழுவத் தெரியாது என்பது. நடுநடுவே எழுத முடியாத வார்த்தைகள். கடைசியாக, எனக்கு மட்டும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இரண்டு சாயங்காலம், மொத்தம் நாற்பது நிமிஷம் போல.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். என்னைக் கூப்பிட வேண்டுமானால் டம்ளரைத் தரையில் தட்டுவார். அவர் இல்லாத நேரம் பார்த்து நான் லேப்டாப்பைத் திறந்து கேட்பேன். சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்பேன். குறைத்தாலும் அந்தக் குரல் குறையாது.

ஒரு நாள் லேப்டாப் திறக்கவில்லை. நீலமாக நின்றது. அணைத்துப் போட்டாலும் அதே நீலம்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். அது என் சுபாவம். கேஸ் மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருவேன். எண்ணூர் உரக் கம்பெனிப் பக்கமிருந்து காற்றில் ஏதாவது நெடி வந்தால் அன்று முழுக்கத் தூங்கமாட்டேன். அந்த நீலத்தை அப்படியே விட்டுவைக்க முடியவில்லை. துணிப்பையில் லேப்டாப்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு விம்கோ நகர் பக்கம் இருக்கும் செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு காலத்தில் என் வீட்டுக்காரர் வண்டியில் கிளீனராக இருந்தவர். மகள் பிறந்த அன்று நடுரோட்டில் லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

"அண்ணி, இதுல கீற விண்டோஸ் பூட்ச்சி" என்றார். "புச்சு போட்டா இந்த மிஷின் தாங்காது. எம்பது வயசு கெய்வனுக்கு கோட்டு சூட்டு மாட்டி ஓடச் சொன்னா ஓடுவானா?"

"அப்போ தூக்கிப் போட்றதா?"

"இன்னாத்துக்குப் போட்ற? ஃப்ரீ சிஸ்டம் ஒண்ணு கீது. யாரு வோணா போட்டுக்கலாம். இந்த மாரி கெய்வனுங்களுக்குன்னே பண்ணி வச்சிகிறானுங்க. வுட்டுட்டுப் போ, நாலு நாள்ல தரேன்." பிறகு திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார்: "உள்ள முக்கியமா எதுனா கீதா?"

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை யோசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஏன் அப்படிச் சொன்னேன்? ரிப்பேருக்குக் கொடுத்த போனிலிருந்து யாருடைய படமோ ஊர் முழுக்கச் சுற்றியது என்று பேப்பரில் படித்திருந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள் என்றாலும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பேன். என் பயத்தில் பாதி அங்கிருந்து வந்ததுதான். உள்ளே அவர் எனக்கு மட்டும் சொன்னது இருந்தது. கடையில் நாலு பேர் முன்னால் அது சத்தமாகப் பாடிவிட்டால்? அந்தக் குரல் யாருடையது என்று கேட்டதுமே தெரிந்துவிடுமே. இல்லை என்று சொல்லிவிட்டால் யாரும் தேடமாட்டார்கள் என்று நினைத்தேன். நாலு நாள் விட்டுவைக்கவும் மனசு வரவில்லை. "நானே போட முடியாதா?" என்றேன்.

"தாராளமா. பட்டன் அமுக்கறதுதான் வேலை. தமிழ்லயே கேக்கும்" என்று சொல்லி ஒரு பென்டிரைவும், எந்தப் பட்டன் எப்போது என்று எழுதிய துண்டுச் சீட்டும் கொடுத்தார்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போனதும் உட்கார்ந்தேன். கீபோர்டில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தது. துடைத்துவிட்டுத் தொடங்கினேன். சீட்டில் இருந்தபடி பட்டனை அமுக்கியதும் முதலில் எந்த மொழி என்று கேட்டது. வரிசையில் தமிழ் என்று பார்த்ததும் எனக்கு எவ்வளவு தைரியம் வந்தது தெரியுமா? ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இங்கிலீஷ், பேங்கில் இங்கிலீஷ், இதாவது என்னோடு என் மொழியில் பேசுகிறதே என்று இருந்தது.

அடுத்த பக்கத்தில், இணைய இணைப்பு இல்லை, கம்பி இணைப்பைச் செருகுங்கள் அல்லது இணைப்பின்றித் தொடருங்கள் என்று வந்தது. எங்கள் வீட்டில் கம்பி என்றால் துணி காயப்போடுகிற கம்பி ஒன்றுதான். தொடருங்கள் என்பதை அமுக்கினேன்.

அதற்கடுத்த பக்கத்தில் இரண்டே வழி கொடுத்திருந்தது. வட்டை அழித்து நிறுவுக என்பது ஒன்று. வேறு ஏதாவது என்பது இன்னொன்று.

வேறு ஏதாவது என்றால் என்னைப் போன்றவளுக்குக் குலை நடுங்கும். அதன் பக்கமே போகவில்லை. வட்டு எனக்குத் தெரிந்த வார்த்தை. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா அன்று வட்டு எறிதல், குண்டு எறிதல் என்று பலகையில் எழுதிப்போடுவார்கள். வட்டு என்றால் வட்டமாக, தட்டையாக இருப்பது. அப்படியானால் இங்கே வட்டு என்பது பாட்டு சிடி மாதிரி ஏதோ ஒன்று. முன்பெல்லாம் இந்த மாதிரி வேலைக்கு சிடிதான் போடுவார்கள், அதைச் சொல்கிறது. நான் போட்டிருப்பதோ சிடி இல்லை, குச்சி. என்னிடம் வட்டே கிடையாது. இல்லாததை அழித்தால் எனக்கென்ன? கீழே, வட்டில் உள்ள அனைத்தும் நீக்கப்படும் என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதையும் படித்தேன். நீக்கட்டும் என்று அமுக்கினேன். ஹார்டு டிஸ்க் என்று அங்கே போட்டிருந்தால், அரைகுறையாகவாவது அந்த வார்த்தை தெரியும், கையை இழுத்துக்கொண்டிருப்பேன். தமிழ் மேல் குற்றமில்லை. நல்ல வார்த்தைதான். எனக்கு அது மைதானத்தில் பழக்கமான வார்த்தை, அவ்வளவுதான்.

அரை மணியில் முடிந்தது. நீலம் போய், அழகாக ஒரு மலைப் படம் வந்தது. அவர் குரலை வைத்திருந்த பாட்டு ஃபோல்டரை, அந்த மஞ்சள் உறையைத் திறந்தேன். காலி. ஆவணங்கள் என்று இருந்ததைத் திறந்தேன். காலி. படங்கள், காலி.

மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பிறகு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன வருஷம் அந்த மைக் போன போனை மாற்றியபோதும் இப்படித்தான் எல்லாம் காலியாக இருந்தது. நெட் வந்ததும் பழைய படங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. மகளின் கல்யாணப் படம், செத்துப்போன நாயின் படம் எல்லாம் வந்ததே. இதுவும் அப்படித்தான் இருக்கும். நெட் வரவில்லை, அதனால் குரல் வரவில்லை. நெட் வந்தால் வந்துவிடும். இதை நான் முழுக்க நம்பினேன். மூன்று நாள் அந்த நம்பிக்கையில்தான் உயிரோடு இருந்தேன்.

ஆனால் அந்த மெஷினில் வைஃபை என்ற அடையாளமே இல்லை. மேல் மூலையில் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"வைஃபை கார்டுக்கு டிரைவர் இல்ல அண்ணி, அதான்" என்றார். "டிரைவர் போட்டா வந்துரும்."

"டிரைவர் எங்க கீது?"

"நெட்ல கீது."

"நெட்டுக்குத்தான டிரைவரு?"

"ஆமா."

"டிரைவர் ஓணும்னா நெட் ஓணும், நெட் ஓணும்னா டிரைவர் ஓணும். நான் எங்கதான் போய் நிக்கறது? ரேஷன் கார்டு ஆபீஸ் மாரியே கீதே!"

அவர் சிரித்துவிட்டார். "ஒயர்ல நெட் கீற வூடா இருந்தா ஒரு நிமிசம் அண்ணி. யாரு வூட்லயாச்சும் கீதா?" எங்கள் சந்தில் யார் வீட்டிலும் இல்லை. எல்லோரும் போனில் நெட் போட்டுக்கொள்கிறவர்கள். "அப்போ உன் போனையே சார்ஜர் ஒயர்ல மிஷினோட மாட்டு. போன்ல கீற நெட்ட அது எடுத்துக்கும். செட்டிங்ல டெதரிங்னு கீது பாரு, அத ஆன் பண்ணு" என்றார்.

நான் போனை வைக்கும்போது வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். என்ன என்று கையால் கேட்டார். "டிரைவர் இல்லியாம், அதான் ஓட மாட்டேங்குது" என்றேன். அவர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். நானிருக்கிறேனே என்று. ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டிக் காட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வேடிக்கை பண்ணியது அன்றுதான். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சமையல்கட்டுக்குப் போய் அழுதேன். என்ன போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

ஒயரை மாட்டினேன். எலக்ட்ரிக் டிரெயினில் ஒருவர் கத்தை கத்தையாகத் தோளில் போட்டு விற்றுக்கொண்டு வருவாரே, அவரிடம் வாங்கிய ஒயர். போனில் சார்ஜ் ஏறியது. அது மட்டும்தான் நடந்தது. டெதரிங் என்ற இடம் மங்கலாகவே இருந்தது, விரலை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் ஆனாகவில்லை. ஒயரைத் திருப்பி மாட்டினேன். துடைத்து மாட்டினேன். போனை அணைத்துப் போட்டேன். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும், அவர் டீக்கடைக்குப் போகிற நேரமெல்லாம் இதே வேலை. போன் சூடாகி வெடித்துவிடுமோ என்று ஒரு பயம், கையை எடுத்தால் குரல் போய்விடுமோ என்று இன்னொரு பயம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முதல் நாளே கடைக்குப் போயிருக்கலாம்தான். போனால் எதைத் தேடுகிறாய் என்று கேட்பார். ஒன்றுமில்லை என்று நான் சொன்ன பொய் வெளியே வரும். அதற்கும் பயம்.

நாலாம் நாள் போனேன்.

கடைக்காரர் என் ஒயரை வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார். "இது டிரெயின் ஒயரு அண்ணி. இது சோறு மட்டும் போடும், பேசாது."

எனக்கு ஒரு கணம் அவர் யாரைச் சொல்கிறார் என்றே தெரியவில்லை.

"உள்ள ரெண்டே நரம்புதான் கீது. சார்ஜ் போவும், வேற ஒண்ணும் போவாது" என்று சொல்லிக்கொண்டே வேறு ஒயரை மாட்டினார். டெதரிங் உடனே ஆனது. மூன்று நாள் நான் தவம் கிடந்தது ஒரு நிமிஷத்தில் நடந்தது. நெட் வந்தது. ஏதோ எழுத்துகள் கடகடவென்று ஓடின. அணைத்துப் போட்டதும் மேல் மூலையில் வைஃபை விசிறி மாதிரி விரிந்து நின்றது. "டைப் பண்ணா தமிழ்ல பேசற சாஃப்ட்வேர் ஒண்ணும் ஏத்திகிறேன். அண்ணாத்தைக்கு ஆவும்" என்றார்.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. பாட்டு உறையைத் திறந்து காத்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னொருவர் போனுக்குக் கண்ணாடி ஒட்டி அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதும் நான் அப்படியே இருந்தேன்.

"இன்னா அண்ணி தேட்ற?"

"இன்னும் வர்ல."

"இன்னாது வர்ல?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"நான் கேட்டனே அண்ணி" என்றார். "வாயத் தொறந்து கேட்டனே, எதுனா கீதான்னு. எந்தப் பட்டன அமுக்குன?"

"வட்டுன்னு போட்டிருந்துச்சி."

"வட்டுன்னா?" அவருக்கும் தெரியவில்லை. அவர் எப்போதும் இங்கிலீஷில் போடுகிறவர். "வட்டுன்னா இன்னாது? வட்டு... வட்டு..." என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐய, டிஸ்க்கு! ஹார்டு டிஸ்க்கு அண்ணி அது! மொத்தத்தையும் தொடச்சிட்ட."

நெட்டிலிருந்து எதுவும் வராது, அது போனுக்கு மட்டும், இதில் இருந்தது இதில் மட்டும்தான் இருந்தது என்று அவர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. கிளீனராக இருந்தவருக்கு அந்தக் குரல் முதலாளிக் குரல் மாதிரிதானே. எத்தனை வருஷம் அதற்குப் பயந்து வேலை செய்திருப்பார்.

லேப்டாப்பை ஒரு வாரம் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டார். அழித்ததைத் தோண்டி எடுக்க ஏதோ வழி இருக்கிறதாம். அதன் மேல் புதிதாக எழுதாமல் இருந்திருந்தால் அதிகம் கிடைத்திருக்குமாம். மகளின் பள்ளிப் படங்கள் பாதி பாதியாக வந்தன, முகத்துக்குக் கீழே சாம்பல் நிறமாக. குரலில் ஒரே ஒரு துண்டு வந்தது. ஒன்பது விநாடி. கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எனக்கு மட்டும் போட்டுக் காட்டினார். எங்கள் வீட்டு ஃபேன் கிரீச்சென்று சுற்றுகிறது. தூரத்தில் ஒரு லாரி ஹாரன். பிறகு ஒருவர் பேசுவதற்காக மூச்சை இழுக்கிறார். அதோடு நின்றுவிட்டது.

"இவ்ளோதான் அண்ணி" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாடு ஆனதும், கடைக்காரர் ஏற்றிக்கொடுத்த பேசும் சாஃப்ட்வேரைத் திறந்து லேப்டாப்பை எதிரில் வைத்துக்கொண்டு, நர்ஸ் சொன்னதிலிருந்து ஷட்டர் வரை எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். தட்டைத் தூக்கி அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். மெஷின் எழுத்து எழுத்தாக, தகரத்தில் ஆணி விழுகிற குரலில் பேசியது.

"இன்னும் வச்சினு இருந்தியா?"

"ம்."

"கேட்டியா?"

"நீ டீக்கடைக்குப் போனப்போ எல்லாம்."

அவர் அடுத்ததை அடித்தார்.

"எப்டி இருந்துச்சி?"

நல்லா இருந்துச்சி என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. மறுபடி அடித்தார்.

"பேசிக் காட்டு."

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைக் காட்டி, தன் கழுத்தைக் காட்டினார். நான் எப்படிப் பேசுவேனோ அப்படிப் பேசு என்று.

லாரி வரிசையில் நின்று கத்துகிற மாதிரி ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். "யோவ், வண்டிய ஓரங்கட்டுயா!" என் குரல்தான் வந்தது. அவர் தலையை ஆட்டினார்.

"இல்ல" என்றது மெஷின். "கட்டையா."

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாக்கா, யாரோட சண்ட?" என்று கேட்டாள்.

"இல்ல."

இன்னொரு தடவை கத்தினேன். தொண்டை கட்டிக்கொண்டு, கடைசி எழுத்து வெளியே வரவில்லை. அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். யோசித்தார். எங்கே பிசகுகிறது என்று அவருக்கே சரியாகப் பிடிபடவில்லை போலிருந்தது. நானும் உள்ளுக்குள் தேடினேன். அவர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் அப்படியே இருந்தன, மீன், ஆர்பர் கேட், எனக்கு மட்டும் சொன்னதும் கூட. எதற்கும் சத்தம் இல்லை.

அவர் விரல் மறுபடி அதே எழுத்துகளைத் தேடிப் போனது.